நாளைக்குக் கிடைக்கப்போகும் பிழைகள்

எங்கள் மேனேஜர் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து, "இனிமே நாம எக்ஸ்ப்ளோரேட்டரி டெஸ்டிங் பண்றோம்" என்று அறிவித்தார். எழுதிவைத்த படிகளோடு நிற்காமல், மென்பொருளை நம் இஷ்டத்துக்கு நோண்டி, எங்கே உடைகிறது என்று தேடுவதுதான் அது. தாம்பரம் ஆபீசில் அதற்குச் சந்தோஷப்பட்டது நான் ஒருத்திதான். மறுநாளே எக்செல் ஷீட் வந்தது. நாளை எதை நோண்டப்போகிறாய், என்ன பிழை கிடைக்கும், முன்கூட்டியே நிரப்பி ஒப்புதல் வாங்கவேண்டுமாம். என்ன கிடைக்கும் என்று தெரிந்தால் நான் எதற்குத் தேடப்போகிறேன்? கேட்டேன். "பிராசஸ்மா" என்றார். அந்த ஒரே வார்த்தையை வைத்துப் பதவி உயர்வு வாங்கியவர் அவர்.

அப்போது ஒரு டயாலிசிஸ் சென்டருக்கு முன்பதிவு ஆப் செய்துகொண்டிருந்தோம். சோதனைக்காகக் கணவன் பெயரில் நேரம் பதிந்துவிட்டு, அதே போன் நம்பரில் மனைவிக்கும் பதிந்தேன். கணவனின் நேரம் சத்தமில்லாமல் காணாமல் போனது.  மேனேஜரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"இது அப்ரூவ் பண்ண ஷீட்ல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப இது பிழையே இல்ல. ஒரே நம்பர்ல ரெண்டு பேர் யாரும்மா வருவாங்க?"

தனக்கே இரண்டு போன் வைத்திருப்பவர் கேட்கிற கேள்வி. ஆப் அப்படியே சென்டருக்குப் போனது.

முதல் வாரம் ஆப் எப்படி ஓடுகிறது என்று பார்க்க அவரும் நானும் அந்தச் சென்டரில் உட்கார்ந்திருந்தோம். அனகாபுத்தூரிலிருந்து ஓர் அம்மா, கால் வீங்கிய கணவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். கணவருக்கு நேரம் வாங்கியிருந்தவர், முந்தின நாள் அதே போனில் தனக்கும் சர்க்கரை பார்க்கப் பதிந்திருக்கிறார். கணவரின் மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். சாயந்திரம்தான் இடம் என்றார் நர்ஸ். அந்த மனிதருக்கு அப்போதே மூச்சு வாங்கியது.

"ஏம்மா, ஒரே நம்பர்ல ரெண்டு பேரப் போட்டா எப்படி?" என்றார் மேனேஜர், கொஞ்சமும் கூசாமல்.

"வூட்ல ஒரே போனுதான் சார் கீது."

"இது எங்க தப்பும்மா" என்று கத்தியேவிட்டேன். அந்த அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டையை இன் பண்ணி நின்ற பெரிய மனிதரைத்தான் நம்பினார்.

"என்னுத கேன்சல் பண்ணிடு சார். எனக்குச் சக்கரயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவர மட்டும் பாத்துக்கோ."

மேனேஜர் உடனே ரத்து செய்தார். கணவருக்கு அப்போதும் சாயந்திரம்தான் இடம்.