மற்றவை நேரில்

டெக்சஸில் ஜனவரி பிறந்தால், சினைக்கு விடும் பொலிகுதிரைகளுக்கு விளம்பரம் போடும் காலம். டாலஸுக்கு வடக்கே, வீடுகள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன அச்சகம் இருந்தது. சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்களுக்காக ஒரு வாரப் பத்திரிகையும் அங்கே அச்சானது. எனக்கு கிரீன் கார்டு வந்த சூட்டோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என் வீட்டுக்காரர் உட்பட எனக்குத் தெரிந்த தமிழர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்னதான் செய்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் உட்கார்ந்து குதிரைகளுக்கு வரன் தேடினேன்.

முதலாளி நல்ல மனிதர். ஆனால் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்தவளுக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும் என்ற கவலை அவருக்கு. பழைய விளம்பரங்களைக் கட்டாகக் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னார். இரண்டைப் படித்ததுமே எனக்குத் தைரியம் வந்துவிட்டது. நிறம், உயரம், வயது, அப்பா யார், அப்பாவின் அப்பா யார், அம்மா எந்தக் குடும்பம், கூடப் பிறந்தவர்கள் எங்கே எப்படி இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் கல்யாண விளம்பரங்களை ஒரு வரி விடாமல் வாசித்து வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு பாடமா?

வழக்கமும் அதேதான். பெட்டைக்குதிரை வைத்திருப்பவர் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு பொலிகுதிரை இருக்கும் பண்ணைக்கு வர வேண்டும். கட்டணமும் அவர்தான் தர வேண்டும். பெண் வீட்டார்தான் செலவு செய்ய வேண்டும் என்ற சட்டம் இங்கேயும் உண்டா என்று முதலாளியிடம் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. எந்த மாதத்தில் பிறந்த குதிரையாக இருந்தாலும் ஜனவரி முதல் தேதிதான் அதன் பிறந்தநாள் என்று கணக்கு வைப்பார்கள் என்பதை மட்டும் அவர் விளக்கிச் சொன்னார்.

அதை அந்த வாரம் ஊரிலிருந்து போன் செய்த என் மாமியாரிடம் சொன்னேன். "அப்பறம் எதை வெச்சுப் பொருத்தம் பாக்கறாங்க கண்ணு?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். அவருக்கு அப்போது பொருத்தம்தான் மூச்சு. என் கொழுந்தன் எங்கள் வீட்டின் இரண்டாவது படுக்கையறையில் குடியிருந்தார். சாஃப்ட்வேர் வேலை, புது கார், சமையலறைப் பக்கமே வராத குணம். அவருக்காக ஊர்ப் பேப்பரில் மாமியார் கொடுத்த விளம்பரத்தில் அமெரிக்கா என்ற ஒரு வார்த்தையைத் தவிர வேறொன்றும் உருப்படியாக இல்லை. ஆனாலும் பெண்களின் போட்டோக்கள் கட்டுக்கட்டாக வந்து எங்கள் மைக்ரோவேவ் மேல் குவிந்திருந்தன.

அந்தச் சமயத்தில்தான் பண்ணையம்மா அச்சகத்துக்கு வந்தார். கணவர் போனபின் தனியாகக் குதிரைப் பண்ணையை நடத்தி வந்தவர். அவரிடம் இருந்தது ஒரே ஒரு பொலிகுதிரை, செவலை நிறம். பக்கத்துப் பண்ணையில் பந்தயத்தில் ஜெயித்த குதிரை ஒன்று வந்து இறங்கிய பிறகு, செவலையைத் தேடி ஒரு பெட்டையும் வரவில்லை. வேலை இல்லாத பொலிகுதிரை வேலியை உடைக்கும், தீனியைத் தின்னும், வேறு எதற்கும் ஆகாது. இந்த சீசனும் யாரும் வராவிட்டால் மார்ச்சில் மருத்துவரை அழைத்துக் காயடித்து, சவாரிக்கு வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். இதுதான் கடைசி விளம்பரம்.

மைக்ரோவேவ் மேல் இருந்த குவியல் எனக்கு ஞாபகம் வந்தது. சோறு வடிக்கத் தெரியாதவனுக்கு அத்தனை போட்டோ. பாவம், இவனுக்குக் கத்தி. எனக்குக் கோபமே வந்துவிட்டது.

பேனாவை எடுத்துக்கொண்டு பண்ணையம்மாவைக் குடைய ஆரம்பித்தேன். முன்கோபம் உண்டா? கெட்ட பழக்கம் உண்டா? அம்மா சாதுவா? கூடப்பிறந்த பெண்கள் எந்தெந்த இடத்தில் இருக்கிறார்கள், சௌக்கியமா? யாரும் இதுவரை இப்படிக் கேட்டதில்லையாம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சந்தோஷமாகச் சொன்னார். நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: செவலை, நல்ல உயரம், லட்சணமான முகம். அப்பா வழியில் ஓட்டக்காரர்கள், அம்மா வழியில் சாதுக்கள். சகோதரிகள் நல்ல இடங்களில் இருக்கிறார்கள். கோபம் கிடையாது. மற்றவை நேரில்.

கட்டணத்தைப் போடவில்லை. யோசித்து விட்டதல்ல, கை தானாக விட்டது. எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய பேராசைக்காரனும் மாப்பிள்ளைக்கு இன்ன விலை என்று அச்சில் போட மாட்டான். அது அசிங்கம். வாங்குவது மட்டும் அசிங்கமில்லை.

பத்திரிகை வெளிவந்த இரண்டொரு நாளில் பண்ணையம்மா புயல் மாதிரி உள்ளே நுழைந்தார். விளம்பரத்தில் கட்டணம் எங்கே என்று கேட்டார். முதலாளி முகம் வெளுத்துப்போய், இலவசமாகத் திருத்திப் போட்டுத் தருவதாகச் சொன்னார். ஒரு எழுத்தைக்கூடத் தொடக் கூடாது என்று பண்ணையம்மா கத்தினார். அவர் வீட்டுப் போன் ஓயாமல் அடிக்கிறதாம்.

அப்புறம்தான் எனக்கு விஷயம் புரிந்தது. குதிரைக்காரர்கள் உலகத்தில் கட்டணம் போடாத குதிரை என்றால் மிகப் பெரிய இடம். யார் வேண்டுமானாலும் கேட்டுவிட முடியாது, வருகிறவரின் பெட்டையைப் பார்த்துத்தான் பேச்சே தொடங்கும் என்று அர்த்தம். பக்கத்துப் பண்ணைக்காரர், வேலி வழியாகத் தினமும் பார்த்துச் சலித்த செவலையை, அன்றைக்கு நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனாராம்.

ஆனால் பண்ணையம்மாவுக்கு ஒரே நடுக்கம். போனில் எல்லாரும் எவ்வளவு என்று கேட்கிறார்கள், பழைய கட்டணத்தைச் சொன்னால் குட்டு உடைந்துவிடும், கூட்டிச் சொல்ல நாக்குக் கூசுகிறது. உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று என்னையே கேட்டார். முதலில் வந்து பையனைப் பாருங்கள், மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்வோம் என்றேன். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை பெண் வீட்டார் வருவதாக ஏற்பாடு. நான் கூட இருக்க வேண்டும் என்றார். கொழுந்தன்தான் டிரைவ் பண்ணிக் கூட்டிப் போனார். செவலையைக் குளிப்பாட்டி, பிடரியைச் சீவி, குளம்புக்கு எண்ணெய் தடவி நிறுத்தியிருந்தார்கள். வந்தவர்களுக்கு ஆப்பிள் பை என்ற பலகாரமும் காப்பியும். வந்தவர்கள் பெட்டைகளின் போட்டோ ஆல்பத்தோடு வந்திருந்தார்கள். செவலையை நடக்க விட்டுப் பார்த்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், காலைத் தொட்டுப் பார்த்தார்கள், குழந்தை ஒன்றைப் பக்கத்தில் விட்டு, குதிரை எரிச்சல்படுகிறதா என்று பார்த்தார்கள். செவலை அந்தக் குழந்தையின் தொப்பியை மோந்து பார்த்துவிட்டுச் சும்மா நின்றது.

"என்னை யாரும் இவ்வளவு செக் பண்ணதில்ல அண்ணி," என்றார் கொழுந்தன்.

"பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றேன்.

பெரிய தொப்பி போட்ட ஒருவர் கடைசியில் நேராகவே கேட்டார், எவ்வளவு என்று. பண்ணையம்மா என்னைப் பார்த்தார். அவர் காதில் ஒரு வாக்கியம் சொன்னேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் கரைத்துக் குடித்திருக்கும் வாக்கியம். பண்ணையம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். மனைவியைப் பார்த்தார். வண்டியில் நின்ற தன் பெட்டையைப் பார்த்தார். பிறகு, பக்கத்துப் பண்ணையின் பந்தயக் குதிரைக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாக ஒரு தொகையை, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. லாயத்துக்குப் பின்னால் போய் நின்று சிரித்தேன்.

சிரித்து முடித்ததும் என் அப்பாவின் முகம் வந்தது. என் நிச்சயத்தன்று மாமியார் இதே வாக்கியத்தைத்தான் அவரிடம் சொன்னார், இதே மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு. அப்பாவும் இதே குரலில்தான் பதில் சொன்னார். அந்த வருஷம் தோட்டத்துக்கு வாங்க நினைத்திருந்த பம்பு செட்டை அவர் வாங்கவில்லை. எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு.

மார்ச்சில் மருத்துவர் வந்தார். கத்தியோடு அல்ல, எந்தெந்தப் பெட்டைக்குச் சினை பிடித்திருக்கிறது என்று பார்க்க. பண்ணையம்மா அச்சகத்துக்கு ஒரு முழு ஆப்பிள் பை கொண்டுவந்து கொடுத்தார். முதலாளி அதற்கப்புறம் எல்லா விளம்பரத்திலும் கட்டணத்தை எடுத்துவிடலாமா என்று கேட்க ஆரம்பித்தார். எல்லாரும் பெரிய இடமானால் யாரும் பெரிய இடமில்லை என்று விளக்கி அவரை நிறுத்தினேன்.

மாமியாருக்கு முழுக் கதையையும் போனில் சொன்னேன், அந்த வாக்கியம் உட்பட. பெட்டை வீட்டார் திண்டாடியதைக் கேட்டு முதலில் நன்றாகச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. நிமிஷத்துக்கு இவ்வளவு என்று ஓடும் வெளிநாட்டுப் போன் அது. அதில் அவர் பேசாமல் இருந்து நான் கேட்டதே இல்லை.

"நானு உங்கப்பாகிட்டச் சொன்னதத்தான அந்தம்மாளுக்குச் சொல்லிக் குடுத்தெ?" என்றார்.

"ஆமாங்க அத்தை."

"சின்னவனுக்கு நீயே பேசிக்க கண்ணு. எனக்கு இனி அது வாயில வராது."

அப்படியாகத்தான் கொழுந்தனின் கல்யாணப் பேச்சு என் தலையில் விழுந்தது. போட்டோக் குவியலில் கொழுந்தனுக்குப் பிடித்த பெண் ஈரோட்டுக்காரி. அவளுடைய அப்பாவுக்குப் போன் போட்டேன். மரியாதையான மனிதர். ஜாதகம், வேலை எல்லாம் பேசி முடித்ததும், கொஞ்சம் தயங்கி, உங்கள் எதிர்பார்ப்பு என்ன என்று கேட்டார். என் அப்பாவை நினைத்துக்கொண்டு, எங்களுக்கு ஒன்றுமே வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேன். மனசு நிறைந்திருந்தது.

அந்தப் பக்கம் பேனாவை மூடி வைக்கும் சத்தம் கேட்டது.

"ரொம்பப் பெரிய எடமாட்ட இருக்குதுங்களே," என்றார் அவர். குரல் உள்ளே போயிருந்தது. "எங்களுக்குக் கட்டுப்படியாகுங்களா?"

அந்தப் பெரிய தொப்பிக்காரரின் முகம் கண்முன் வந்தது. எத்தனை முறை வேண்டாம் என்று சொன்னாலும் இவர் மனசுக்குள் தொகை ஏறிக்கொண்டே போகும் என்று புரிந்தது. வேறு வழியில்லை. கொழுந்தன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே பட்டியலை எடுத்துவிட்டேன். பையனுக்குச் சோறு வடிக்கத் தெரியாதுங்க. பசி வந்தா முன்கோபம். குறட்டை பக்கத்து ரூமுக்குக் கேக்கும். தலைமுடி கொட்டுது, போட்டோவுல தெரியாது. கொழுந்தன் ரிசீவரைப் பிடுங்கப் பார்த்தார்.

ஈரோட்டில் அவர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"அப்படிச் சொல்லுங்க," என்றார் அவர். "அப்ப நம்ம எடந்தானுங்க."