வாசலுக்கு ஓடிய கற்பூரத் தட்டு

தெய்வக் குற்றமாகிவிடுமோ என்று பல வருஷம் தயங்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

கிண்டியில் நான் வேலை பார்த்த சின்ன ரசாயனக் கூடத்துக்கு ஓர் அம்மா பொறுப்பாளர். முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடி, தலையில் மல்லிகை. எங்கே நுழைந்தாலும் முதலில் மோப்பம் பிடிப்பார்.

ஆயுத பூஜையன்று, ரசாயனங்களைக் கலக்கும் ரியாக்டர் கலனுக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் ஏற்றத் தீக்குச்சியை எடுத்தேன். உள்ளே வந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

"இன்னாண்ணே, தின்னர் வாடை அடிக்கிது! சாமியாண்டை எல்லாரையும் ஒரேயடியா கூட்டிக்கினு போறீங்களா?"

பெயின்ட் கரைக்கும் தின்னரின் ஆவி ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். தட்டையும் தீப்பெட்டியையும் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். மணியடித்தபடியே நாங்களும் பின்னால் ஓடினோம். நடுரோட்டில் தீபாராதனை! ஆட்டோக்காரர்கூட இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

சுண்டலையும் அந்த அம்மா முகர்ந்த பிறகே வாயில் போட்டார். அந்த மூக்கில் அம்பாளே குடியிருந்தாள் என்று நம்புகிறேன்.

கூட்டாமல் குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.