அருகம்புல் சாறுக்காரரின் கேள்வி

அருப்புக்கோட்டையில் பல வருஷமாக நான் டாக்டர். கொழுப்பு குறைய மாத்திரை எழுதிக் கொடுப்பேன். பாதிப் பேர் ஒரே மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்திக்கொண்டே இருந்த ஒரு பருத்தி வியாபாரிக்கு இந்த முறை ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது.

"எல்லாம் அருகம்புல் சாறுதான் டாக்டரம்மா. வாக்கிங் போற மைதானத்துக்கிட்ட ஒருத்தர் விக்கிறாக. அவுக கைராசி அப்படி" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்தது நான், தொண்டை வறளச் சொன்னது நான், பேர் மட்டும் புல்லுக்கா? அந்த ஆளை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன்.

சாறு வண்டியைச் சுற்றி என் கிளினிக்கில்கூடப் பார்க்காத கூட்டம். அவர் ஒவ்வொருவரிடமும், "ராத்திரி டாக்டர் குடுத்த மாத்திரையப் போட்டீகளா?" என்று கேட்டார். போட்டவர்களுக்கு மட்டுமே ஊற்றினார். மற்றவர்கள் மறுபேச்சில்லாமல் திரும்பிப் போனார்கள். என் பேச்சுக்கு ஒருநாளும் யாரும் அப்படி அடங்கியதில்லை.

என் முறை வந்தது. நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுறீகளாம்மா?"

"ஆமா."

"நேத்துப் போட்டீகளா?"

எனக்கு நானே எழுதிக்கொண்ட மாத்திரை பல நாளாக வீட்டு அலமாரியிலேயே கிடந்தது. அவர் டம்ளரை எனக்குப் பின்னால் நின்றவரிடம் நீட்டினார்.