வின்சென்ட் அத்தானுக்கு அபராதம் கிடைக்கவில்லை

என் அக்கா புருஷன் வின்சென்ட்டைப் பற்றிப் பினாங்கு ஜெலுத்தோங்கில் யாரிடம் கேட்டாலும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, மாதா கோயில் திருவிழாவுக்கு நாற்காலி அடுக்கக்கூட முதல் ஆளாக நிற்பார். வாயைத் திறந்தால்தான் வம்பு. கடலுக்கு அந்தப் பக்கம் பிறையில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, அந்தக் குரலை அப்படியே வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். குழம்பில் உப்புக் குறைந்தால் கத்தல், டிவி ரிமோட் காணாவிட்டால் கத்தல். தட்டும் பறக்கும். ரோசம்மா அக்கா உடைந்ததைப் பெருக்கி அள்ளிவிட்டு, "அவரு அப்படித்தான்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகள் ஹன்னா அப்படிச் சொல்லவில்லை. வேலை கிடைத்ததும் தனியாக அறை எடுத்துப் போய்விட்டாள். கல்யாணம் நிச்சயமானதும் ஒரே போடாகப் போட்டாள்: "முதல்ல கவுன்சிலிங் போங்கப்பா. அப்புறம்தான் கோயில்ல நான் யார் கையப் பிடிச்சு நடக்கிறதுன்னு முடிவு பண்ணுவேன்."

அத்தானுக்கு முகம் செத்துவிட்டது. மகளைப் பீடம் வரைக்கும் கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டும் என்று அவள் பிறந்த நாளிலிருந்து ஆசைப்பட்ட மனுஷன்.

"எனக்கென்ன பைத்தியமா லா?" என்று இரண்டு நாள் குதித்தார். பிறகு என்னிடம் வந்தார். "ஷேரன், ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடுறேன். உன் கெரெத்தாவுல கூட்டிட்டுப் போ."

சரியென்று காரை எடுத்தேன். இடம் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடி. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அத்தானுக்கு முகக்கவசம், தொப்பி, கறுப்புக் கண்ணாடி. திருடன்கூட இவ்வளவு மெனக்கெட மாட்டான். காரை விட்டு இறங்கிய நிமிடமே, காசு மாற்றும் கடை மீரா சாகிப், "என்ன வின்சென்ட் அண்ணே, மக கல்யாணத்துக்குச் சேலை எடுக்கவா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கூப்பிட்டார்.

கவுன்சிலர் தனுஜா சின்ன வயசுப் பெண். இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது என்று முதலிலேயே உறுதி சொன்னாளாம். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். உள்ளே நடந்தது முழுவதையும் காரில் எனக்கும், மறுநாள் காப்பிக் கடைக்கும் ஒலிபரப்பியவர் அத்தானேதான்.

அவர் செய்த கூத்தைக் கேளுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, ஈஸ்டருக்கு முன்னால், ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து பழகியவர். பாவத்தைச் சொன்னால் ஃபாதர் அபராதமாக நாலு ஜெபம் கொடுப்பார். முட்டிபோட்டு அதைச் சொல்லிவிட்டால் மன்னிப்பு, வீட்டுக்குப் போகலாம். இதுவும் அதேதான் என்று நினைத்து, உட்கார்ந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். அதிலும் தன் பாவத்தையா சொன்னார்? அக்கா உப்புப் போடாத பாவம், ஹன்னா எதிர்த்துப் பேசிய பாவம், நடுவில் என் வாய்க்கொழுப்பும் உண்டாம். எல்லார் பாவத்தையும் அறிக்கையிட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாராம் மகாத்மா.



"சரிம்மா, அபராதத்தச் சொல்லு, முடிச்சிட்டுக் கிளம்புறேன்."

"இங்க அபராதமெல்லாம் இல்ல அங்கிள். யாரு சரி, யாரு தப்புன்னு தீர்ப்பும் சொல்லமாட்டேன். இன்னைக்கு உங்களப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். அடுத்த வாரமும் வாங்க."

"அடுத்த வாரமுமா? டாக்டர்கூட மொத நாளே மருந்து குடுத்துடுறாரு லா!"

அவள் சிரித்துவிட்டுக் கேட்டாள். "நீங்க கத்துறப்ப ஹன்னா என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவா, சும்மாதான் இருப்பா."

"அவங்ககிட்ட எப்பவாவது கேட்டிருக்கீங்களா?"

அத்தான் மடியிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "அடுத்த வாரத்துக்குள்ள கேட்டுப் பாருங்க. அவங்க சொல்றப்ப குறுக்கப் பேசாதீங்க" என்று அனுப்பிவிட்டாள்.

இதுதான் அபராதம் என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் அத்தான். வீடு போய்ச் சேரும் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. காரில் உட்கார்ந்தபடியே போனைப் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"ஹன்னா, கவுன்சிலிங் போயிட்டேன், முடிஞ்சிருச்சு. ஒரே ஒரு கேள்வி. நான் கத்துறப்ப நீ என்ன பண்ணுவ?"



"எழுந்து நிப்பேன்பா. தட்டு எந்தப் பக்கம் வரும்னு தெரியாதுல்ல. இப்பவும் ஆபீஸ்ல யாராவது சத்தமாப் பேசினா எழுந்து நின்னுடுறேன். என்னாச்சுன்னு எல்லாரும் கேப்பாங்க. தண்ணி குடிக்கப் போறேன்னு சொல்லிச் சமாளிப்பேன்."

அத்தான் வாயைத் திறந்தார். குறுக்கே பேசக் கூடாது என்பது நினைவு வந்ததோ என்னவோ, மூடிக்கொண்டார்.

"நான் அம்மா கையப் பிடிச்சு நடக்கிறேன்பா. நீங்க முன்வரிசையில உட்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

இந்த ஆளுக்கு இது வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் திரும்பி அவர் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்த கிண்டலை விழுங்கிவிட்டுக் காரை ஓட்டினேன்.

அடுத்த வாரம் அதே நாள், அதே நேரத்துக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கிளம்பலாமா?"

"எங்க அத்தான்?"

"தனுஜாகிட்டதான்."

"அதான் ஹன்னா முடிவைச் சொல்லிட்டாளே. இனிமே போய் உங்களுக்கு என்ன கிடைக்கப் போவுது?"

பிறைத் தொழிற்சாலையையே அதட்டுகிற குரல் அவருடையது. நான் அருகில் போய்த்தான் கேட்க வேண்டியிருந்தது.

"ஆபீஸ்ல எழுந்து நிக்கிறாளாம், ஷேரன்."