சென்னகேசவனின் கையும் லேத்தின் காலும்

காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிற வழக்கம் சென்னகேசவனுக்கு அந்தச் சித்திரையில்தான் வந்தது. மலைநாட்டில் குளிருக்கு அப்படிப் பிடிப்பார்களாம். அருப்புக்கோட்டைச் சித்திரையில் என்ன குளிர் வந்து கெட்டது? வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் நல்லது என்று அவர் குனிந்தபடி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்.

நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். நான் எல்லாவற்றையும் தமிழாகவே சொல்லிவிடுகிறேன். அப்பா ரங்கராஜுக்கு நாற்பது வயதில் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட வரவில்லை. பிறகு தறியில் உட்காரவே முடியவில்லை. கடைசிக் காலத்தில் சோற்றுக் கவளம் வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில் கிடக்கும். நல்ல நெசவாளி, பாவம். அதைப் பார்த்தே வளர்ந்த மகன் பதினெட்டு வயதில் தறியை விட்டுவிட்டு ஒரு நூல் மில்லின் ஒர்க்ஷாப்பில் சேர்ந்தார். பதினைந்து வருஷத்துக்கு மேல் கடைசல் வேலை. இரும்பை எந்திரத்தில் சுழலவிட்டு, டூல் என்கிற வெட்டுளியால் தலைமுடி கனத்துக்குச் சீவி எடுக்கிற அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள மில்லில் ஆள் இல்லை.

1970 கார்த்திகையில் அந்தக் கடைசல் எந்திரம், லேத்து, பழையது ஒன்றை வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து வீட்டுக்குள்ளேயே இறக்கினார். வைப்பதற்கு இடம்? ஜன்னல் வெளிச்சம் விழுகிற மூலை ஒன்றே ஒன்றுதான். அங்கே அவர் மனைவி சுப்புலட்சுமியின் குழித்தறி இருந்தது. உட்கார்ந்து நெய்கிறவர் காலைத் தொங்கப்போட்டு மிதிப்பதற்குத் தரையில் குழி வெட்டியிருக்கும் தறி அது.

"ஒங்களுக்கும் வெளிச்சம் வேணும்ல. எடுத்துக்கோங்க" என்று சொல்லி அவள் பின்கட்டு இருட்டுக்குத் தறியை மாற்றிக்கொண்டாள். அந்த மனசு எல்லாருக்கும் வராது.

சென்னகேசவன் ஊருக்கு வெளியே இருந்து இரண்டு வண்டிக் கரிசல் மண் அடித்து, குழியை நிரப்பி, திமிசு போட்டு இடித்து, மேலே சிமெண்டு பூசினார். ரசமட்டம் வைத்து லேத்தை நிறுத்தினார். ஐந்து மாதம் லேத்து சொன்ன பேச்சுக் கேட்டது. பவர்லூம் செட்டுக்காரர்கள் வாசலில் காத்துக் கிடந்தார்கள்.

சித்திரை பிறந்தது. பாளையம்பட்டியில் பவர்லூம் வைத்திருந்த சங்கரபாண்டியன் ஒரு மத்தியானம், சென்னகேசவன் கடைந்து கொடுத்த ஷாப்டுத் தடி ஒன்றைத் தோளில் சாத்திக்கொண்டு வந்து, வாசலில் 'டங்'கென்று போட்டார்.

"மேஸ்திரி, இது மூணாவது. இந்தப் பக்கம் புஷ்ஷு வளையம் வெண்ணெயா ஏறுது. அந்தப் பக்கம் சம்மட்டி எடுத்தாலும் ஏற மாட்டேங்குது. ஒங்களுக்கு என்னதான் ஆச்சு?"

"வெச்சுட்டுப் போங்க அண்ணாச்சி, பாக்கேன்" என்றார் சென்னகேசவன்.

அவருக்கு வயது முப்பத்தெட்டு. அப்பாவுக்கு நாற்பதில் வந்தது.

டூலைப் புதிதாகச் சாணை பிடித்தார். அதன் முனை சரியாக நடு உயரத்தில் நிற்கிறதா என்று இரும்பு ஸ்கேலை இடுக்கில் வைத்துப் பார்த்தார். தடியின் வலது கோடியைத் தாங்குகிற முனையும் சரியாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் லேத்தில் நின்றவருக்கு எந்திரத்தின் காலைப் பார்க்கத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். பேஷாகத் தெரியும். ஆனால் மனசுக்குள் பயம் புகுந்துவிட்டால் தெரிந்தது எங்கே ஞாபகம் வருகிறது? தடிமன் பார்க்கிற காலிப்பரை எடுத்து அளக்கும்போதே, இந்தக் கைக்கு இனி உணர்வு இல்லை என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அளவு என்பது அந்த விரல் உணர்வுதானே. அது போய்விட்டால் லேத்து வெறும் இரும்புச் சுமை.

யாரிடமும் சொல்லாமல் விருதுநகர் பொன்னுச்சாமிக்குக் கடுதாசி போட்டார். லேத்து வேண்டும் என்று முன்பே கேட்டிருந்த ஆள் அவர். 'வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன்' என்று தபால் கார்டில் பதில் வந்தது.

அந்தக் கார்டு புதன்கிழமை காலையில் சுப்புலட்சுமி கையில் சிக்கியது.

"இது என்னது? என் தறியத் தூக்கி இருட்டுல போட்டது, இவுகளுக்கு விக்கிறதுக்கா?"

சென்னகேசவன் கார்டை வாங்கக் கையை நீட்டினார். அவள் விடவில்லை. கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு சுப்பு. கை போச்சு."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரும்பி வந்திருந்த மூன்று ஷாப்டையும் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டுவந்து தரையில் வரிசையாகப் போட்டாள். குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தாள்.

"தடிப்பா இருக்கிற பக்கம் எது? காலிப்பர வெச்சுக் காட்டுங்க."

காட்டினார். மூன்றிலும் தடித்த கோடியின் நெற்றியில் ஒரு சின்னப் புள்ளிக்குழி இருந்தது.

"இந்தக் குழி எதுக்கு?"

"வலது பக்கம் முனை தாங்குறதுக்கு."

"அப்ப மூணும் வலது பக்கந்தான் தடிச்சிருக்கு."

"ஆமா."

"ஏங்க, ஒங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று வெடித்தாள். "கை தப்புனா அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு தப்பும். மாமா நெய்ஞ்ச துணிய நான் பாத்திருக்கேன், அவுகளுக்குத் தப்பாத எடமே இல்ல. மூணு தடவையும் ஒரே பக்கம் தப்புதுன்னா அது கையில்ல, தறி! தறியில துணி ஒரு பக்கமா இழுத்துச்சுன்னா மொதல்ல காலத்தான் பாப்போம், எந்தக் கால் அமுங்கிருக்குன்னு. ஒங்க மிஷினுக்குக் கால் இல்லையா?"

சென்னகேசவன் அவளையே பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி லேத்தைப் பார்த்தார். இடது கால்கள் இரண்டும் பழைய கெட்டித் தரையில். வலது பின்காலும் அப்படியே. வலது முன்கால் மட்டும் அவள் தறிக்குழியின் மேல்.

அவள் எழுந்துபோய்க் குதிகாலால் அந்த இடத்தைத் தட்டினாள். 'தொம்'மென்று வெறும் பானையைத் தட்டிய சத்தம் வந்தது. கையிலிருந்த தபால் கார்டைக் குனிந்து அந்தக் காலுக்கு அடியில் நுழைத்தாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"ஆத்தாடி!" என்றார் சென்னகேசவன்.

ஒரு கால் தாங்காமல் லேத்தின் உடம்பு முறுக்கிக்கொண்டிருந்தது. டூல் வலது பக்கம் போகப் போக இரும்பை விட்டுத் தள்ளித் தள்ளிப் போயிருக்கிறது. கையைக் குறை சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

கடப்பாறையால் நெம்பி அந்தக் காலைத் தூக்கினார். அவள் தகரத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகினாள். பிறகு ஒரு தடித்த கம்பியை மாட்டி, இரண்டு கோடியிலும் விரல் அகலத்துக்கு மோதிரம் போல விட்டு, நடுவே குறைத்தார். டூலை இம்மிகூட நகர்த்தாமல் இரண்டு மோதிரத்தையும் ஒரே வெட்டில் சீவினார். அளந்தார். வித்தியாசம் பாதியாகக் குறைந்திருந்தது. இன்னொரு தகரம். மறுபடியும் சீவல், மறுபடியும் அளவு. நான்காவது தடவை காலிப்பர் இடது மோதிரத்தை உரசிக்கொண்டு எப்படி இறங்கியதோ, அப்படியே வலது மோதிரத்திலும் இறங்கியது. விரல் நுனியில் அந்த உரசல் தெளிவாகத் தெரிந்தது. ஒரு மாதமாகத் தெரியவில்லை என்று நினைத்திருந்த உணர்வு அங்கேதான் இருந்தது.

மோட்டாரை நிறுத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சந்தோஷத்தை அடக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் விஷயம் கேட்டு வந்த சங்கரபாண்டியன் தலையில் அடித்துக்கொண்டார்.

"கரிசலப் போட்டா மேடை கட்டுனீக? மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுண்டும். எங்க ஊருல மாடு மேய்க்கிறவனுக்குக்கூடத் தெரியுமே மேஸ்திரி!"

"எங்களுக்கு நூலத் தெரியும் அண்ணாச்சி, மண்ணு எங்க தெரியும்?" என்றார் சென்னகேசவன்.

பொன்னுச்சாமி வெள்ளிக்கிழமை வந்தபோது லேத்து நகர்ந்து ஓரமாக நின்றது. புருஷனும் பெண்டாட்டியும் குழிக்குள் நின்று கரிசலை வாரிக்கொண்டிருந்தார்கள். விற்பதற்கில்லை என்று சொல்லி, அவருக்கு மோர் கொடுத்து பஸ்ஸு ஏற்றிவிட்டார்கள். குழியில் சல்லியும் சுண்ணாம்பும் இடித்து, மேலே ஒரு பாறைக்கல் பலகை போட்டு, லேத்தைத் திரும்ப நிறுத்தினார்கள். அதற்கப்புறம் வருஷா வருஷம் சித்திரையில் அவர் அந்த இரண்டு மோதிரங்களைச் சீவிப் பார்க்காமல் விட்டதில்லை. நூல் பிடித்த மாதிரி கடைகிறவர் என்று டவுன் முழுக்கப் பேர் வந்தது.

ஆனால் சொல்ல வந்தது அந்தப் புதன்கிழமையைத்தான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே சுப்புலட்சுமி உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். டம்ளர் விளிம்பு வரைக்கும் தளும்பிக்கொண்டிருந்தது.

அவர் பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டினார். அவள் டம்ளரைக் கொடுக்காமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஒரு மாசமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். குரல் அப்போதுதான் உடைந்தது. "ஒரு கையில வாங்குங்க."

சென்னகேசவன் வலது கையை மட்டும் நீட்டி வாங்கினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.