பள்ளிக்கு எதிரே மாமா கட்டிய ஃப்ளெக்ஸ்

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது திருமங்கலத்தில் நடந்தது இது. பள்ளிக் கபடி அணியில் ரைடு போவது என் வேலை. கோட்டைத் தாண்டினால் ஒருத்தியையாவது தொடாமல் திரும்ப மாட்டேன். அவ்வளவு திமிர் எனக்கு.

அந்த வருடம்தான் பெரிய மனுஷி ஆனேன். எங்கள் பக்கம் சடங்கு என்றால் தாய்மாமன் சீர் வேண்டும், ஃப்ளெக்ஸும் வேண்டும். என் மாமாவுக்கு நான் என்றால் உயிர். மற்றவர்கள் பட்டுப்பாவாடைப் படம் மட்டும் போடுவார்கள். அவரோ நான் கபடி பனியனில் கோப்பையோடு நிற்கும் படத்தையும் பெரிதாக அடித்து, மேலே 'பூப்புனித நீராட்டு விழா' என்று போட்டு, பள்ளிக்கு எதிரிலேயே கட்டிவிட்டார்.

"மாமன் வச்ச போர்டைப் பாத்தியாத்தா? இம்புட்டுப் பெருசா எவனும் வச்சதில்ல!" என்று பூரித்துப்போனார். அப்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சடங்கு முடிந்து கிரவுண்டுக்குப் போனேன். அடுத்த வாரம் வாடிப்பட்டியில் மேட்ச். எப்போதும் போலப் பையன்கள் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் என்னைக் காட்டி, "டேய், போர்டுல இருக்க புள்ளடா!" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. ஆனால் என் உடம்பில் நடந்தது இந்த ஊருக்கே தெரியும் என்று அப்போதுதான் உறைத்தது. கூசிப்போனேன். அன்று ரைடு போனபோது, எதிராளியைத் தொட வேண்டிய கை என் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தது. சுலபமாகப் பிடித்துவிட்டார்கள்.

மறுநாள் வயிற்றுவலி என்றேன். அதற்கடுத்த நாளும் அதையே சொன்னேன். யாரும் துருவிக் கேட்கவில்லை. பி.டி. டீச்சர் வீட்டுக்கே வந்து, "இந்த மேட்ச்சுக்கு மட்டும் வாம்மா, நீ இல்லாம ரைடுக்கு ஆளே இல்ல" என்றார். "போயிட்டுத்தான் வாயேன்டி" என்றார் அம்மா. நான் அறையை விட்டு வெளியே வரவேயில்லை. அணி தோற்றுத் திரும்பியது. கொஞ்ச நாளில் ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகும் நான் கிரவுண்டுக்குப் போகவில்லை.

இப்போது கே.கே. நகரில் குடியிருக்கிறேன். மாமா வரும்போதெல்லாம், "அம்புட்டு நல்லா வெளையாண்ட, ஏத்தா விட்ட?" என்று கேட்பார். படிப்பு அதிகமாகிவிட்டது மாமா என்று மழுப்புவேன். ஆசையாகச் செய்தவரிடம் எப்படிச் சொல்வது? யாராவது போகாதே என்று தடுத்திருந்தால் சண்டை போட்டாவது விளையாடியிருப்பேன். யாருமே தடுக்காததால் யாரோடு சண்டை போடுவதென்று தெரியாமல் கபடியை விட்ட வருத்தம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.