சூசை அண்ணையின் பதினாலும் என்னுடைய அறுபத்தொன்றும்: லா சப்பல் போய் வந்த கதை

கடந்த மாசியில் மொன்றியலில் இருந்து ஆறு நாள் பாரிஸுக்குப் போய் வந்தேன். எழுபத்துமூன்று வயதில் தனியாகப் போன முதல் விமானப் பயணம். கோபுரம் பார்க்கப் போகவில்லை. அங்கே எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு மனிதருக்கு நேரில் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. முப்பத்தைந்து வருடமாகச் சொல்லாமல் விட்ட நன்றி. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் தட்டுகிறாள். ஆனால் ஞாபகம் என்னுடையது, அதில் பிழை இருக்காது.

விமானச் சீட்டு போகவர 840 கனடா டாலர். ஆறே முக்கால் மணி நேரப் பறப்பு, காலை எட்டு இருபதுக்கு இறங்கினேன். அங்கிருந்து நீல நிறப் பாதையில் ஓடும் ஆர்.ஈ.ஆர். ரயிலில் 13 யூரோ, முப்பத்தைந்து நிமிடத்தில் கார் து நோர் நிலையம். பெயர்ப்பலகை வாசிக்க முடியாதவர்கள் பயப்பட வேண்டாம். பெட்டியில் பாதிச் சனம் எழும்பினால் நீங்களும் எழும்புங்கள். நிலத்துக்குக் கீழேயே நடைபாதை இருக்கிறது, பத்து நிமிடத்தில் லா சப்பல். வெளியே வந்தால் தலைக்கு மேலே பாலத்தில் மெட்ரோ ஓடும், கீழே முருங்கைக்காய் விற்பார்கள். அறை ஸ்டாலின்கிராட்டில் எடுத்தேன், ஒரு மெட்ரோ நிறுத்தம்தான். ஓர் இரவுக்கு 68 யூரோ. மின்தூக்கி உண்டா என்று முதலே கேளுங்கள். நான் கேட்கவில்லை, நான்கு மாடி ஏறினேன்.

இனி சூசை அண்ணை. மன்னார்க்காரர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். எண்பதுகளின் கடைசியில் மொன்றியலில் இருவரும் ஓர் ஐஸ் ஹொக்கித் தளத்தில் வேலை செய்தோம். ஆட்டக்காரர் கீறிக் கிழித்துவிட்டுப் போகும் ஐஸை வண்டியால் மழித்து, சுடுநீர் ஊற்றிக் கண்ணாடி மாதிரி ஆக்குவது வேலை. பெரிய அணியும் அங்கே பயிற்சிக்கு வரும். சட்டையில் இருக்கும் பெயர் எனக்கு வாசிக்க வராது, எண் வரும். ஆகவே எனக்கு ஆட்கள் எல்லோரும் எண்கள்தான். அண்ணையின் தெய்வம் பதினாலு. தலைக்கவசம் இல்லாமல் ஆடிய கடைசி ஆட்களில் ஒருவர். அவர் திரும்பிய இடத்தில் ஐஸில் ஒரே ஒரு மெல்லிய வளைகோடுதான் இருக்கும். மற்றவர்கள் உழுதுவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் காலை வண்டியின் கத்தியை ஏற்றி இறக்கும் பிடியை மாற்றியிருந்தார்கள். பழைய பிடியில் ஏற்ற சிவப்பு நாடா, இறக்க நீல நாடா. நான் நிறத்தை வைத்து ஓட்டியவன். புதியதில் வெறும் எழுத்து. கேட்க வெட்கப்பட்டேன். ஞாபகத்தில் திருப்பினேன், பிழையான பக்கம். கத்தி இறங்கி, தளத்தின் நடுவே சீமெந்து தெரிய நீளமாகக் கிழித்துக்கொண்டு போனது. அன்று பயிற்சி நடக்கவில்லை. நடந்ததை எழுதிக் கையெழுத்திடச் சொல்லி மேலாளர் ஒரு தாளை நீட்டினார். அண்ணை பேனாவை வாங்கி எழுதினார், கையெழுத்தையும் அவரே போட்டார். எனக்காக எழுதுகிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் வேலையை விட்டு அவரை நிறுத்தியபோதுதான் தெரிந்தது, தாளில் இருந்தது அவருடைய பெயர். என் மனைவியும் கைக்குழந்தையும் கொழும்பிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் வாய் திறக்கவில்லை. மூன்று மாதத்தில் அவர் பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ரானில் இருந்த மைத்துனியிடம் போய்ச் சேர்ந்தார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி. நான் நன்றிப் பேச்சை எடுத்தால் அவர் பதினாலை எடுப்பார். நான் அந்தந்தக் காலத்து ஆளை எடுப்பேன்; கடைசியாக, இப்போது ஆடும் அறுபத்தொன்றுதான் உலகத்தில் சிறந்தவர் என்பேன். அப்படியே சண்டையில் முடியும்.

செவ்வாய் பிற்பகல் மூன்று மணி, ஃபொபூர் சேன்-தெனி வீதியின் வடக்கு முனையில் ஒரு தேநீர்க் கடை. தேநீர் ஒன்றரை யூரோ, ரோல்ஸும் ஒன்றரை. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை போகாதீர்கள், இடம் கிடைக்காது. அண்ணை செவ்ரானிலிருந்து ரயிலில் வந்து எனக்கு முதலே உட்கார்ந்திருந்தார். தலைமயிர் முழுக்க வெள்ளை.

"வந்திட்டியே? உன்ரை அறுபத்தொண்டு எப்பிடி இருக்கிறான்?"

விமானத்திலேயே முடிவு செய்திருந்தேன். "அண்ணை, நல்லா யோசிச்சுப் பாத்தன். பதினாலுதான் பெரிய ஆள். நான் தோத்திட்டன்."

அவர் கோப்பையை வைத்தார். "டொக்டர் ஏதும் சொன்னவரே உனக்கு?"

"சீச்சீ, சுகமாத்தான் இருக்கிறன்."

"அப்ப ஏனடா தோக்கிறாய்?"

கடைக்கார அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன ஐயா, கிரிக்கெட்டே?"

"ஐஸ் ஹொக்கி பிள்ளை."

"ஐஸை நாங்கள் ஃப்ரிட்ஜுக்குள்ளைதான் கண்டனாங்கள்," என்று சிரித்துவிட்டுப் போனார்.

அண்ணை சிரிக்கவில்லை. "அந்தத் தாளுக்காகத்தானே தோக்கிறாய்? முப்பது வருசமா உன்னோடை வாதாடினது நீ உண்மை கதைப்பாய் எண்டுதான். பிச்சை போட வந்தனியெண்டால் எழும்பிப் போ."

எனக்கு முகம் சுட்டது. நன்றி என்று நினைத்துக் கொண்டுபோனது அவருக்கு அவமானமாகிவிட்டது. சரி என்று உண்மையாகவே வாதாடத் தொடங்கினேன். அந்தக் காலத்துக் கோல்காப்பாளர் நின்றபடி பிடிப்பார், காலுக்கிடையில் மாடு போகும். இன்றைக்கு முழங்காலில் விழுந்து நிலத்தை அடைக்கிறார்கள். அந்தச் சுவரிலும் அறுபத்தொன்று ஓட்டை கண்டுபிடிக்கிறார். பதினாலு இன்று வந்தால் மூச்சு வாங்கும்.

அண்ணைக்கு முகம் மலர்ந்தது. "விசரா, அவர் ரெண்டு நிமிசம் தொடர்ந்து ஆடினவர். உன்ரை ஆள் முக்கால் நிமிசத்திலை களைச்சு வாங்கிலை போய்க் குந்துறான். பலகைத் தடியாலை அடிக்கச் சொல்லு பாப்பம். ஆளை அவன்ரை காலத்து ஐஸிலை வைச்சுப் பாக்கவேணும்!"

ஐந்தரை வரை போனது. ஐந்து தேநீர், நான்கு ரோல்ஸ். யாரும் எங்களை எழுப்பவில்லை, அந்த அக்காவுக்கும் நன்றி.

கார் து நோர் வரை கூட நடந்தேன். ரயில் வாசலில் சொன்னேன். "அண்ணை, அந்தத் தாளுக்கு நன்றி. என்ரை பிள்ளையள் அதிலைதான் வளந்ததுகள்."

"எனக்கு எழுத்துத் தெரியும், எழுதினன். உனக்குத் தெரிஞ்சிருந்தா நீயும் எனக்கு எழுதியிருப்பாய்."

"இல்லை அண்ணை. எழுதியிருக்க மாட்டன். எனக்குப் பயம்."

அவர் என் கழுத்துத் துணியை இழுத்து இறுக்கிவிட்டார். "ஓம், தெரியும். உன்ரை மனிசி கைப்பிள்ளையோடை இருந்தவ. எனக்கு அண்டைக்குப் பிள்ளையில்லை. பயப்பிடாமல் இருக்க எனக்கு லேசு."

இவ்வளவு தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசி எடுத்திருக்கிறார். கதவு தாண்டி அவர் போன பிறகும் அங்கேயே நின்றேன். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

இப்படி யாரையாவது பார்க்கப் போகிறவர்களுக்கு: கனமான பரிசு தேவையில்லை, தடித்த சப்பாத்து வேண்டும், மாசிக் குளிர் ஈரமானது. நன்றியை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். நான் செவ்வாய் சொன்னதால் மிச்ச மூன்று நாளும் இருவரும் சும்மா கதைத்துத் திரிந்தோம். வயதானவர்கள் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

வீடு வந்த மறுநாள் ஞாயிறு. தொலைபேசி அடித்தது. நான் வணக்கம் சொல்லவும் விடவில்லை.

"அறுபத்தொண்டைத் தலைக்கவசத்தைக் கழட்டிப்போட்டு ஆடச் சொல்லு, பிறகு கதைப்பம்," என்றார் அண்ணை.